ஆல்பிரெடு வெர்னர்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள மூலூசு நகரில், 1866ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் ஆல்பிரெடு வெர்னர் பிறந்தார். இவர்தம் தந்தையார் வார்ப்படத் தொழிலாளர். இளமை முதலே வேதியியலில் பெருவிருப்பம் கொண்ட வெர்னர், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பயின்று, 1890இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார்.

அக்காலத்து அறிஞரை மயங்கச் செய்த புதிர் ஒன்று இருந்தது. ஒரு பிளாட்டினம், இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா என்னும் ஒரே கூட்டினால் ஆகிய பொருள்கள் இரண்டு இருந்தன. உறுப்புகளும் அவற்றின் அளவும் ஒன்றாயினும், இயல்புகள் வேறுபட்டன. இதன் காரணத்தை எவரும் அறிந்திலர்.

ஒருநாள் நள்ளிரவு கடந்த வேளையில் உறக்கம் கலைந்தெழுந்த வெர்னரின் உள்ளத்தில் விடை தோன்றியது என்பர். உலோகம் நடுவே நிற்க, ஏனைய நான்கும் சதுரத்தின் நான்கு மூலைகளில் அமைகின்றன. குளோரின் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் நின்றால் ஒரு பொருள். எதிரெதிர் மூலைகளில் நின்றால் மற்றொரு பொருள். இக்கருத்தை அவர் 1893இல் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தாறே.

டென்மார்க்கு நாட்டு முதுபேரறிஞர் யோர்கென்சன் இதனை ஏற்றிலர்.  வெர்னரோ, தம் கொள்கை மெய்யாயின், பச்சை நிறக் கோபால்ட்டுச் சேர்மம் ஒன்றற்கு ஊதா நிற இணையொன்று இருத்தல் வேண்டும் எனத் துணிந்து, அதனை ஆய்வுக்கூடத்தில் தேடினார். பதினான்கு ஆண்டுகளுக்குப்பின், 1907இல் அது கிட்டியது. யோர்கென்சனும் தம் மறுப்பைக் கைவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டார். தோற்றவரும் பெருமை பெற்ற போர் அது.

1913இல் வெர்னர் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் நோய் அவரை வாட்டியது. 1919ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் விதைத்தது பின்னாளில் கனிந்தது. 1965இல் அமெரிக்க அறிஞர் ரோசன்பர்க்கு, பிளாட்டினத் தகடுகளின் வழியே மின்சாரம் செலுத்தியபோது நுண்ணுயிர்கள் பிளவுறாது நீண்டு வளரக் கண்டார். தகட்டினின்று கரைந்த பிளாட்டினச் சேர்மங்களே அதற்குக் காரணம். அவ்வகையினதாகிய வெர்னரின் அடுத்தடுத்த அமைப்புடைய பொருள், சிஸ்பிளாட்டின் என்னும் பெயருடன் 1978இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஏற்கப்பட்டது. எதிரெதிர் அமைப்புடையதோ அவ்வாறு பயன்படவில்லை.

இம்மருந்து உயிரணுவினுட் புகுந்ததும் குளோரின் நீங்க, அவ்விடத்தில் நீர் சேர்கிறது. பின்னர்ப் பிளாட்டினம், மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் பற்றி வளைத்து, உயிரணு பெருகாவண்ணம் தடுக்கிறது. அம்மட்டோ? உயிரணுவிற்கு ஆற்றல் ஊட்டும் மைட்டோகாண்டிரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத்தையும் அது பற்றுகிறது. இவற்றால் புற்றணு மாய்கிறது. இத்தகைய தாக்குதல் சிறுநீரகத்தையும் செவியையும் ஊறுபடுத்துவதும் உண்டாதலின், மருத்துவர் அளவறிந்தே இம்மருந்தை வழங்குவர்.

வெர்னர் மருந்து தேடினாரல்லர், உண்மையைத் தேடினார். அவ்வுண்மை, அவர் கண்டறியாத தலைமுறையினரின் உயிரைக் காத்து நிற்கிறது. பயன் கருதாது செய்யும் ஆராய்ச்சியும் பயன் தராது ஒழிவதில்லை என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்றாகும்.