குமரகுருபரர்

பொருநை என்று புலவர் போற்றும் தாமிரவருணி ஆற்றின் வடகரையிலே திருவைகுண்டம் என்னும் ஊர் உள்ளது. 17-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரியம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் குமரகுருபரர்.

குழந்தை நன்கு வளர்ந்தது. ஆனால் 5 ஆண்டு நிரம்பியும் வாய் திறந்து பேசவில்லை. கவிராயர் வீட்டுப் பிள்ளை ஊமையோ என்று பெற்றோர் உள்ளம் நைந்தனர். மகனை வெறுத்தாரல்லர்; திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று நோன்பு கிடந்தனர். அங்கே முருகன் அருளால் பேச்சு வந்தது என்றும், அப்பொழுதே கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் கூறுவர்.

பின்னர் அவர் மதுரைக்குச் சென்றார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். தெய்வத்தைக் குழந்தையாகக் கண்டு, அதன் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பாடுவது பிள்ளைத்தமிழ்.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால், அஃது இறுகப் பற்றும். பேரொலி கேட்பின் திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும். இவை குழந்தை எண்ணிச் செய்வன அல்ல, அனிச்சைச் செயல்கள். சில திங்களில் இவை மறைய, குழந்தை தன் விருப்பப்படி இயங்கத் தொடங்கும். முதலில் தலை நிற்கும். பின் முதுகு நிமிரும். அதன்பின் கால் ஊன்றும். இவ்வொழுங்கை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியிருந்தனர். 5-ஆம் திங்களில் கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை; 9-ஆம் திங்களில் கைகொட்டுவது சப்பாணி; ஓராண்டு அளவில் தளர்நடை நடந்து வருவது வருகை. இவற்றையெல்லாம் குமரகுருபரர் தாயின் கண்கொண்டு பாடினார்.

பிற்காலத்தில் அவர் காசிக்குச் சென்று, இந்துத்தானி மொழியையும் கற்று, அங்கு ஒரு மடம் நிறுவினார். இளமையில் ஒரு சொல்லும் பேசாதிருந்த நா, பின்னாளில் வேற்று மொழியிலும் வல்லதாயிற்று.

குழந்தைகள் அனைவரும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஒரே நாளில் பேசுவதும் இல்லை. பின்தங்கிய குழந்தையை எள்ளுதல் தகாது. வாளா இருத்தலும் தகாது. காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டி, அன்போடு துணை நிற்றல் வேண்டும். பெற்றோர் கைவிடாது காத்த பிள்ளையே குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் தமிழாக்கித் தந்தது என்பதை நாம் மறவாதிருப்போமாக.