வள்ளல் அழகப்பரும் கிண்டி வளாகமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய நம் ஊர்களில், தோல் தொழில் நடத்தும் குடும்பத்தார் மகனை ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்த்துவிட்டால் அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அவ்விரண்டு எழுத்துகளுக்கு உரியவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குளிரூட்டப்பட்ட கல்லூரி போலும் என்று கருதிய மாணவரும் உளர்! அவர்தாம் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் பிறந்த அழகப்பர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இலண்டன் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றுத் திரும்பினார். துணி ஆலை கண்டார்; திருச்சூர்ப் பக்கத்து அழகப்பநகர் அவருடைய ஆலையால் எழுந்த ஊர். விமான நிறுவனமும் நடத்தினார். அவர் ஈட்டிய வரலாறு இவ்வளவு போதும்; ஈந்த வரலாறே நமக்கு வேண்டுவது.

கிண்டிக்குப் பொறியியல் கல்வி புதிதன்று. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனம் பின்னர்ப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1920-இல் அங்குள்ள செங்கற் கட்டடத்தில் குடிபுகுந்தது. பாலமும் சாலையும் அமைப்போரை அது உருவாக்கியது. வேதியியலை ஆலைக்குள் கொண்டுசெல்லும் கல்வியைத் தனியே வளர்க்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைந்தது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். அழகப்பர் ஐந்து இலட்சம் ரூபாய் அளித்தார். அந்நாளில் அது எத்துணைப் பெருந்தொகை! 1944-இல் அவர் பெயரால் கல்லூரி எழுந்தது.

அங்கு வேதிப்பொறியியலும் துணி நுட்பமும் கற்பிக்கப்பட்டன; தோல் தொழில்நுட்பமும் பட்டப்படிப்பாயிற்று. துணி அவருடைய தொழில்; தோல் அன்று. ஆயினும் சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தந்தைவழியாகக் கற்ற நம் மக்களின் கைத்தொழில், பல்கலைக்கழகப் பாடமாக உயர்ந்தது அவர் பெயர் தாங்கிய கூரையின்கீழ்தான். 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அருகே அமைந்தது; சாலையைக் கடந்தால் ஆய்வுக்கூடம்.

இதன் பயனை நம் பகுதி பின்னரே முழுதும் உணர்ந்தது. 1970-களில் அரை பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபோது, முழுதும் பதனிட்ட தோல் செய்ய வல்லவர் தேவைப்பட்டனர். பாலாற்று மாசு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தபின், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அறிவின்றித் தொழில் நடத்தவே இயலாதென்ற நிலை வந்தது. பாட்டனாரின் கைப்பழக்கம் மட்டும் அங்கே உதவவில்லை என்பதை நாம் கண்ணெதிரே கண்டோம்.

கிண்டியோடு அழகப்பர் நின்றாரல்லர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சிக்கு நிதி நல்கினார். தமிழ்த் துறையினராகிய நாம் இதனை மறத்தலாகாது. 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அவ்வூருக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார். 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1952-இல் அங்கும் ஒரு பொறியியல் கல்லூரி கண்டார். முட்புதர் மண்டிய பொட்டல் கல்லூரி வளாகமாயிற்று. அதுவே 1985-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. கிண்டிக் கல்லூரி 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று.

இவற்றுள் எதனையும் காண அவர் இல்லை. செல்வம் குறைந்துவந்த நாளிலும் கொடை குறையவில்லை. மகளிர் கல்லூரிக்கு இடம் வேண்டியபோது தாம் வாழ்ந்த மாளிகையையே விட்டுக்கொடுத்தார். ஆங்கில அரசு தந்த சர் பட்டத்தை விடுதலைக்குப்பின் துறந்த அவருக்கு, இந்திய அரசு 1956-இல் பத்மபூஷண் வழங்கியது. தொழுநோய் அவர் உடலை நெடுநாள் வருத்தியது. 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் மறைந்தார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.