ஈயின் மூளையைப் படித்த பேராசிரியர் சீமோர் பென்சர்

விலங்கியல் பிரிவில் படித்த நண்பர்களுக்கு டிரோசோஃபிலாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அழுகின வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அதே சின்னஞ்சிறு பழ ஈதான். ஈக்குப் போய் இத்தனை மெனக்கெடலா என்று மற்ற பிரிவுக்காரர்கள் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிக்குத் தம் வாழ்நாள் உழைப்பாலேயே பதில் சொன்னவர் பேராசிரியர் சீமோர் பென்சர். மூளை செல்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை ஈயிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று துணிந்த முன்னோடி அவர்.

போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில், 1921 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கில் பிறந்தார். 13 வயதில் ஒரு மைக்ராஸ்கோப் பரிசாகக் கிடைத்தது. ஆனாலும் புருக்ளின் கல்லூரியில் அவர் படித்தது இயற்பியல். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜெர்மானியம் பற்றி ஆராய்ந்து 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார். டிரான்சிஸ்டர் பிறக்க உதவிய ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று. அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் உயிரைப் பற்றி இயற்பியல் மேதை ஷ்ரோடிங்கர் எழுதிய ஒரு சிறு நூல் அவரைப் பிடித்துக்கொண்டது. உயிரியலுக்கு வந்துவிட்டார்.

1950-களில், பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸை வைத்து, மரபணு என்பது பிளக்க முடியாத ஒரு மணி அல்ல, உள்ளே நீளமான வரிசை கொண்டது என்று காட்டினார். ஒரு மரபணுவின் உட்புறத்துக்கே வரைபடம் போட்ட சாதனை அது. இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மூலக்கூறு உயிரியலில் கூட்டம் சேர ஆரம்பித்ததும் அதையும் விட்டு நகர்ந்தார். அவருடைய இரண்டு பெண்களும் குணத்தில் ஒருவருக்கொருவர் நேர்மாறு. ஒரே வீட்டில் ஏன் இப்படி என்ற யோசனை அவரை நடத்தையின் மரபியலுக்கு இழுத்தது. 1967-இல் கால்டெக்கில் பேராசிரியராகச் சேர்ந்து, ஈக்களைக் கையில் எடுத்தார்.

மரபணு மாறிய ஈக்களை ஆயிரக்கணக்கில் வளர்த்து, நடத்தையில் தடுமாறுபவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் அவர் முறை. 1971-இல் மாணவர் ரொனால்ட் கொனோப்காவுடன் சேர்ந்து, ஈயின் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் மரபணுவை அடையாளம் காட்டினார். நம் நாட்டின் ஒபைத் சித்திகியும் அவருடன் வேலை செய்தவர்தான். சூட்டில் வாதம் வந்து விழும் ஈக்களைப் பற்றி இருவரும் 1976-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 1972-இல் பென்சரும் யோஷிகி ஹோட்டாவும் ஒரு விசித்திரமான ஈயைப் பற்றி எழுதினார்கள். பிறந்து சில நாட்கள் நன்றாகத்தான் இருக்கும். திடீரென்று தள்ளாடும், விழும், செத்துப்போகும். மூளையை வெட்டிப் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு டிராப்-டெட் என்று பெயர் வைத்தார்கள். எந்த மரபணு கெட்டதால் மூளை இப்படி அழிகிறது? அதைப் பிரித்தெடுத்துப் படிக்கும் வசதி அப்போது இல்லை. ஈயை உறைய வைத்துப் பாதுகாக்கவும் அன்று வழி கிடையாது. சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப் புட்டிக்கு மாற்றிக்கொண்டே வந்தால்தான் வம்சம் தொடரும். பலன் எப்போது வரும் என்று தெரியாமலே செய்ய வேண்டிய வேலை அது.

1978-இல் மனைவி டோரத்தி புற்றுநோயில் மறைந்தார். பின்னர் பென்சர் மணந்த கரோல் மில்லர், மனித மூளையின் நோய்களை ஆராயும் மருத்துவர். ஈயின் மூளைக்கு எதிராகத் தயாரித்த ஆன்டிபாடிகளை இருவரும் மனித மூளையில் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதி அங்கேயும் ஒட்டிக்கொண்டன! 1983-இல் வந்த இந்த முடிவு, ஈக்கும் நமக்கும் உள்ள உறவைப் பளிச்சென்று காட்டியது.

எழுபது வயதைத் தாண்டிய பென்சர் பழைய கேள்விக்குத் திரும்பினார். டிராப்-டெட் ஈயில் நரம்பு செல்களைத் தாங்கும் கிளியா செல்களிலேயே கோளாறு இருப்பதாக 1993-இல் அவர் ஆய்வகம் கண்டது. 1997-இல் ஸ்விஸ் சீஸ் என்ற ஈ வந்தது. அதில் கெட்ட மரபணுவுக்கு மனிதரிடமும் ஜோடி உண்டு. சில ஆர்கனோபாஸ்பேட் நச்சுகள் உடலில் புகுந்து சில வாரம் கழித்துக் கால்களை முடக்குகின்றனவே, அவை தாக்குவது அந்த மரபணு தரும் புரதத்தைத்தான். 1999-இல் பபுள்கம் ஈ. நீண்ட கொழுப்பு அமிலங்கள் தேங்கி அதன் நரம்புகள் அழிந்தன. லோரென்சோ எண்ணெயில் உள்ள ஒரு பொருளைத் தின்னக் கொடுத்தபோது அழிவு தடுக்கப்பட்டது. நோய் முற்றிய குழந்தைகளை அந்த எண்ணெய் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. ஈ காட்டியது வழியைத்தான், மருந்தை அல்ல. அவரிடம் பயின்ற நான்சி போனினி, மனித நோய் மரபணுவையே ஈக்குள் செலுத்தி 1998-இல் இந்த வழியை இன்னும் அகலமாக்கினார்.

லாஸ்கர், கிராஃபோர்ட் என்று பெரிய பரிசுகள் பல வந்தன. நோபல் மட்டும் வரவில்லை. ஈயின் கடிகாரத்துக்கு 2017-இல் நோபல் கொடுத்தபோது பென்சரும் இல்லை, கொனோப்காவும் இல்லை. மூளையையே படித்த மனிதரை, மூளையில் ஏற்பட்ட பக்கவாதம் 2007 நவம்பர் 30 அன்று, 86-ஆம் வயதில் கொண்டுபோனது.

அல்சைமர், பார்க்கின்சன் நோய்களை அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அந்தத் தேடலில் இன்று உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்களில் ஈப்புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: விடை கிடைக்காத கேள்வியைத் தூக்கி எறியாதீர்கள். இருபது வருஷம் கழித்து அதற்கும் ஒரு நேரம் வரும். அதுவரை புட்டியை மாற்றிக்கொண்டே இருங்கள்.