வண்ணம் தந்த சேலத்து முதலாளி

தருமபுரி, சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த நாளில், அம்மாவட்டத் தலைநகரில் படப்பிடிப்பு நிலையம் கண்டவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டைப் பூர்வீகமாகக் கொண்ட இவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கற்றது நெசவுத் தொழில்நுட்பம். திரும்பிவந்து தேர்ந்ததோ திரைப்படம். சென்னையை நாடாமல் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) அந்நிறுவனத் தயாரிப்பே. கண்டிப்பு மிக்கவர், ஊழியர் அனைவர்க்கும் அவர் ‘முதலாளி’.

தமிழ்ப் படங்கள் சிலவற்றில் ஓரிரு காட்சிகளே வண்ணம் பெற்றிருந்த காலத்தில், முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்கத் துணிந்தார். அன்றைய கேவா கலர்ச் சுருள் ஒளியுணர்வு குறைந்தது. கறுப்பு வெள்ளைக்குப் போதுமான விளக்குகள் அதற்குப் போதா. அரங்கில் வெப்பமும் ஏறும், செலவும் ஏறும். படம் தோற்றால் பலரது பிழைப்புக்கு ஆதாரமான நிலையமே ஆட்டங்காணும். சுந்தரமே இயக்க, டபிள்யூ.ஆர்.சுப்பாராவ் ஒளிப்பதிவு செய்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வெளிவந்து வெற்றி கண்டது. எம்.ஜி.ஆரைக் காணவந்தோர் வண்ணத்தையும் கண்டு திரும்பினர்.

மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் (1961) அவர் தந்ததே. 1963இல், 56ஆம் வயதில் மறைந்தார். ஈராண்டு கழித்தே தருமபுரி தனி மாவட்டமாயிற்று. நிலையம் இன்றில்லை, ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது.