பத்தமடை டாக்டரும் பனி உருகி வந்த கங்கையும்

மழையே இல்லை. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. ஆனால், ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது! இப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா?

சித்திரை வெயிலில் நம் ஊர் ஆறுகள் பலவும் மணல் திட்டாகக் கிடக்கும். ஊற்றுத் தோண்டித்தான் குடம் நிறைக்க வேண்டும். ரிஷிகேஷில் கதையே வேறு. மாசி, பங்குனியில் அங்கே கங்கை பச்சைக் கண்ணாடி போல, அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரிய ஓடும். சித்திரை பிறந்து வெயில் ஏற ஏற, தண்ணீரும் ஏறும். மேலே இமயத்தில் பனி உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு நிறமும் மாறும். பனிப்பாறைகள் மலையை அரைத்துக் கொண்டுவரும் கல்மாவு கலந்து, விபூதியைக் கரைத்து விட்டதுபோல் வரும். போன வாரம் உட்கார்ந்து ஜபம் செய்த படி, இந்த வாரம் தண்ணீருக்குள் இருக்கும். கரையில் அனல் அடிக்கும். காலை நனைத்தால் எலும்பு வரை குளிரும்.

கோமுகத்திலிருந்து வரும் பாகீரதியும், பத்ரிநாதர் காலடியைத் தொட்டு வரும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில் கலந்து, கங்கை என்ற பெயரோடு ரிஷிகேஷுக்கு இறங்குகின்றன. கோமுகம் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம். அங்கே பகல் வெயிலில் உருகிய பனி, சாயங்காலம் ஓடைகளில் சீறும். அதனால்தான் மலைவாசிகள் விடியற்காலையிலேயே ஓடையைக் கடந்துவிடுவார்கள். (பாகீரதியின் நீரை 2006 முதல் டெஹ்ரி அணை தேக்குகிறது. ரிஷிகேஷில் இன்று நீங்கள் பார்க்கும் ஏற்ற இறக்கத்தில் அணைக்கும் பங்கு உண்டு. நாம் பார்க்கப்போவது அணை இல்லாத காலத்துக் கங்கை.)

1924-ம் வருடம் மே மாதம். பனி உருகி கங்கை ஏறிக்கொண்டிருந்த அந்த நாட்களில், 36 வயது மனிதர் ஒருவர் ரிஷிகேஷுக்கு வந்து சேர்ந்தார். கையில் மூட்டை முடிச்சு அதிகம் இல்லை. டாக்டருக்குப் படித்தவர், மலாயாவில் கை நிறையச் சம்பாதித்தவர் என்று அவரைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்! கோரைப்பாய்க்குப் பெயர்போன பத்தமடையில், தாமிரபரணி பாயும் பூமியில், 1887 செப்டம்பர் 8-ம் தேதி பிறந்தவர். பெற்றோர் வேங்கு ஐயர் - பார்வதி அம்மாள். மகான் அப்பய்ய தீட்சிதரின் வம்சம். பெற்றோர் வைத்த பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 'அம்ப்ரோசியா' என்று ஒரு மருத்துவப் பத்திரிகைகூட நடத்தினார். 1913-ல் மலாயாவுக்குக் கப்பலேறி, ரப்பர் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பத்து வருடம். ஏழைகளிடம் காசு வாங்காததோடு, பத்தியச் சாப்பாட்டுக்குத் தன் பையிலிருந்து பணம் கொடுத்தும் அனுப்புவாராம். உடம்பின் நோயைத் தீர்த்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருக்க, 1923-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். வீட்டில் தங்கவில்லை. காசி, பண்டரிபுரம் என்று அலைந்தார். வழியில் தாலஜ் என்ற ஊரில் ஒரு போஸ்ட் மாஸ்டருக்குச் சமையல் செய்து கொடுத்துக்கொண்டு சில காலம் இருந்தார். எத்தனையோ நோயாளிகள் கையெடுத்துக் கும்பிட்ட டாக்டர், அங்கே பாத்திரம் தேய்த்தார்!

ரிஷிகேஷ் வந்த அதே கோடையில், ஜூன் 1-ம் தேதி, கங்கைக்கரையில் விசுவானந்த சரஸ்வதி சுவாமிகள் அவருக்கு சந்நியாச தீட்சை அளித்தார். டாக்டர் குப்புசாமி, சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆனார்.

கங்கையின் கிழக்குக் கரையில் சுவர்காசிரமம் என்ற இடம். அங்கே ஒரு சின்னக் குடிலில் சுவாமிகளின் வாசம் தொடங்கியது. தேளும் பாம்பும் சகஜமாக வந்துபோகும் குடில். அன்ன சத்திரத்தில் பிட்சையாகக் கிடைக்கும் ரொட்டியைக் காயவைத்து, பசிக்கும்போது கங்கை நீரில் நனைத்துச் சாப்பிடுவார். அந்த நேரமும் தியானத்துக்கு மிச்சம்! குளிர்காலத்தில், பொழுது விடியும் முன்பே இடுப்பளவு நீரில் இறங்கி நின்று, சூரியன் தலைகாட்டும்வரை ஜபம். பனியிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த ஆறு தாயும்தான், சீறினால் தடுக்க ஆள் இல்லாதவளும்தான். 1924-ம் வருடம் மழைக்காலத்தின் கடைசியில் வந்த பெருவெள்ளத்தில், லட்சுமண்ஜூலாவில் இருந்த தொங்கு பாலம் அடித்துக்கொண்டு போனது. புதுப் பாலம் வர 1930 ஆயிற்று.

பனி உருகுவதற்கும் சுவாமிகளின் வாழ்க்கைக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக்கிடக்கும் கங்கோத்ரி, யமுனோத்ரி ஆலயங்களின் கதவுகள் அட்சய திருதியை அன்று திறக்கும். அதையொட்டி கேதார்நாத்தும், பத்ரிநாத்தும். அதாவது, எந்த வெயில் கங்கையை ஏற்றுகிறதோ, அதே வெயில்தான் யாத்ரீகர்களுக்கு வழி திறந்துவிடுகிறது. இன்றைக்கு நீங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பத்ரிநாத் வரை சாலை. அன்று ரிஷிகேஷிலிருந்து ஏறக்குறைய 300 கிலோ மீட்டரும் கால்நடைதான். லட்சுமண்ஜூலா வழியாக ஆற்றை ஒட்டியே பாதை. வழியில் தங்கும் கொட்டகைகளுக்கு 'சட்டி' என்று பெயர். நம் வீட்டு மண்சட்டி இல்லை. படுக்க இடமும், சமைக்க அடுப்பும் கிடைக்கும் இடம்.

வயதானவர்களும் விதவைகளும் கைக்குழந்தைக்காரிகளுமாகச் சாரிசாரியாகப் போவார்கள். ஒரே ஓடையில் ஆயிரம் பேர் குடிக்கவும் கழுவவும் செய்தால் என்ன ஆகும்? காலரா, பேதி, காய்ச்சல். வெந்துபோன பாதங்கள். புண்ணியம் தேடிப் போனவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள்.

அந்தக் கூட்டம் சுவாமிகளின் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள், அவர் என்ன செய்வார்? சந்நியாசி என்றால் பூர்வாசிரமத்தை ஹோமத்தீயில் போட்டவர். மருத்துவத் தொழில் வேண்டாம் என்று கடல் தாண்டி வந்தவர். தியானத்தில் கண் மூடி உட்கார்ந்திருக்க அவருக்கு முழு நியாயமும் உண்டு. அவரோ மருந்துப் பெட்டியை மறுபடி திறந்தார். நோயில் கிடந்த சாதுக்களின் குடிலுக்குப் போய், மலம் எடுத்து, உடம்பு துடைத்து, பிட்சை வாங்கிவந்து ஊட்டினார். 1927-ல், தம்முடைய பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி முதிர்ந்து கைக்கு வந்த பணத்தை வைத்து, லட்சுமண்ஜூலாவில் தர்ம வைத்தியசாலை ஆரம்பித்தார். அந்த வருடம் ஹரித்வாரில் கும்பமேளா. அங்கே முழுக்குப் போட்டு மலை ஏறுகிறவர்களுக்கும் அதுதான் வழி!

விட்ட தொழிலை மறுபடி எடுத்தது துறவுக்கு இழுக்கா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கென்னவோ, அவருடைய துறவு அங்கேதான் முழுமையானது என்று படுகிறது. மலாயாவில் செய்தது உத்தியோகம். இங்கே செய்தது பூஜை.

ஆசிரமத்தில் இப்படி ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒரு மாலையில் பத்ரிக்குப் போகும் யாத்ரீகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பினார் சுவாமிகள். பிறகுதான், அதைவிட நல்ல மருந்து ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. இரவெல்லாம் அதே யோசனை. பொழுது விடிந்ததும் மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். ஏறக்குறைய ஐந்து மைல் போய் அந்த யாத்ரீகரைப் பிடித்து, கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாராம்!

நடுவே எழுத்தும் நடந்தது. அவருடைய யோக நூல் ஒன்றை 1929-ல் வெளியிட்டது சென்னைப் பதிப்பகம்தான். 1931-ல் கயிலாய யாத்திரை போய்வந்தார். 1934-ல் ஆற்றைக் கடந்து மேற்குக் கரையில், முனி கி ரேத்தி பகுதியில், பாழடைந்த மாட்டுக்கொட்டகையைச் சீர் செய்து சீடர்களோடு குடியேறினார். 1936-ல் தெய்வ நெறிக் கழகம் பிறந்தது. பிறகு நடந்தவை உலகறிந்தவை. மூலிகை மருந்துச் சாலை, யோக வேதாந்தக் கல்விக் கூடம், 200-க்கும் அதிகமான நூல்கள், 1950-ல் பாரத யாத்திரை.. எத்தனை வந்தாலும், கங்கைக்கரையில் இருந்த சிறு குடில்தான் அவருக்கு வீடு.

சார்தாம் யாத்திரை போகிறவர்கள் சிவானந்தாசிரமத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள். அக்கரையில் சுவர்காசிரமம். நடுவில், 1986-ல் கட்டிய தொங்கு பாலம். எல்லோரும் ராம் ஜூலா என்கிறார்கள். சிவானந்த ஜூலா என்ற பெயரும் அதற்கு உண்டு. சித்திரை, வைகாசியில் போனால் படித்துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே முழுகுங்கள். இழுப்பு அதிகம்.

1963 ஜூலை. பனி நீரோடு மழை நீரும் சேர்ந்து கங்கை கலங்கலாகப் பெருகும் மாதம். சுவாமிகள் படுக்கையில் இருந்தார். சீரகத் தண்ணீரும் பார்லிக் கஞ்சியும் தொண்டையில் இறங்குவதே சிரமமாயிருந்தது. 14-ம் தேதி இரவு, அவர் விரும்பிய கங்கா தீர்த்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரை டம்ளர் தண்ணீரைச் சிரமமே இல்லாமல் குடித்தார். சிறிது நேரத்தில், 11.15 மணிக்கு, மூச்சு அடங்கியது.