சாமுவேல் லாங்லியும் சிறு கொதிகலனும்

மாணவர்களே, தில்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள் பழைய நீராவி எஞ்சின்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் முன்பகுதியில், படுத்திருக்கும் யானையைப் போல நீண்டு பருத்துத் தோன்றுவது கொதிகலன். அதனுள் கொதித்த நீரின் ஆவியே சக்கரங்களைச் சுழற்றியது. இருவர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அந்தக் கொதிகலனை, ஒரு கையில் தூக்கும் அளவிற்குச் சிறிதாக்கி வானில் பறக்கவிட இயலுமா? இயலும் என்று நம்பி, ஐந்து ஆண்டுகள் அதற்காகவே உழைத்தவர் சாமுவேல் பியர்பான்ட் லாங்லி.

அவர் 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரியில் பிறந்தார். உயர்நிலைப் பள்ளியோடு அவரது கல்வி நின்றது. கல்லூரியில் அவர் மாணவராகப் பயின்றதே இல்லை. கட்டடக் கலைஞராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். ஆயினும் அவர் மனம் வானத்தையே நாடியது. தம்பி ஜானுடன் சேர்ந்து தம் கையாலேயே தொலைநோக்கி செய்தார். நூல்களே அவருக்கு ஆசிரியர்களாயின.

1867-இல் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகிலிருந்த அலகேனி வானாய்வகத்தின் இயக்குநரானார். அங்கே போதிய கருவிகளும் இல்லை, பணமும் இல்லை. லாங்லி ஒரு வழி கண்டார். விண்மீன்களைக் கொண்டு துல்லியமாகக் கணித்த நேரத்தைத் தந்தி வழியாக ரயில்வே நிறுவனத்திற்கு அளித்து, அதற்குக் கட்டணம் பெற்றார். நேரத்தை விற்று வானாய்வகத்தை வளர்த்தவர் என்று அவரைச் சொல்லலாம்! அந்த வருவாயைக் கொண்டு கதிரவனை ஆராய்ந்தார். மிக நுண்ணிய வெப்பத்தையும் அளக்கும் போலோமீட்டர் என்னும் கருவியைப் படைத்தார். 1887-இல் வாஷிங்டனிலுள்ள புகழ்பெற்ற ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

இதற்கு ஓராண்டு முன்னர், ஓர் அறிவியல் மாநாட்டில் பறவைகள் பறக்கும் விதம் பற்றிய உரையொன்றை அவர் கேட்க நேர்ந்தது. அன்றுமுதல் அவ்வெண்ணம் அவரை விடவில்லை. நீண்ட சுழல்கை ஒன்றின் நுனியில் தட்டையான தகடுகளைப் பொருத்திச் சுழற்றி, காற்று அவற்றை எவ்வளவு தாங்குகிறது என அளந்தார். பின்னர் முறுக்கிய ரப்பர் இழைகளால் இயங்கும் சிறு மாதிரிகளைப் பறக்கவிட்டார். அவை சில நொடிகளிலேயே தரையில் விழுந்தன. நீண்ட நேரம் பறக்க வேண்டுமாயின் ரப்பர் போதாது; எஞ்சின் வேண்டும். அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சின்கள் இளம் பருவத்திலேயே இருந்தன, எடையும் மிகுதி. எனவே அவர் நன்கறிந்த நீராவியையே தேர்ந்தார்.

இங்கேதான் உண்மையான தொல்லை தொடங்கியது. ரயில் எஞ்சினில் நெருப்பின் சூடான புகை, நீர் சூழ்ந்த குழாய்களின் உள்ளே செல்கிறது. இது தீக்குழாய்க் கொதிகலன். இதில் நீரும் ஆவியும் ஒரு பெரிய உருளைக்குள் அடைபட்டிருப்பதால், அழுத்தத்தைத் தாங்க அவ்வுருளையின் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். நீரின் எடையும் மிகுதி. தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினுக்கு எடை ஒரு குறையன்று. பறக்கும் எஞ்சினுக்கோ எடையே எமன்.

லாங்லி அம்முறையைத் தலைகீழாக்கிய நீர்க்குழாய்க் கொதிகலனை நாடினார். இதில் நீர் குழாயினுள்ளே ஓடும். நெருப்பு வெளியே எரியும். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு மெல்லிய சுவரே அழுத்தத்தைத் தாங்கப் போதுமானது. உள்ளே இருக்கும் நீர் சிறிதளவே ஆதலால் விரைவில் ஆவியாகும். உங்கள் விரலைவிட மெல்லிய செம்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து, அதன் நடுவே தீச்சுடரைப் பாய்ச்சினார். கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ ஆண்டுகள் பல ஆயின.

முதல் இடையூறு, நீரோட்டம். குழாயின் ஏதேனும் ஓரிடத்தில் நீர் முழுதும் ஆவியாகிவிட்டால், அந்த இடம் வறண்டு பழுக்கக் காய்ந்துவிடும். பொங்கும் ஆவி, நீரையும் தள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. எனவே நீரை இடைவிடாமல் சுற்றவைக்க ஒரு சிறு பம்பையும், ஆவியை நீரிலிருந்து பிரிக்க ஒரு சிறு கலத்தையும் சேர்த்தார். இரண்டாம் இடையூறு, நெருப்பு. ஆல்கஹால் விளக்குகளின் வெப்பம் போதவில்லை. பெட்ரோலைச் சூடாக்கி ஆவியாக்கி, அவ்வாவியைச் சீறும் சுடராக எரியவைத்தார். பாட்டி வீட்டுப் பம்ப் ஸ்டவ் இரைச்சலோடு எரிவதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திறந்தவெளியில் வீசும் காற்றோ அச்சுடரை அணைத்து அணைத்து விளையாடியது.

ஒவ்வொரு பகுதியும் நிறுக்கப்பட்டது. மிகையான எடை இரக்கமின்றிக் குறைக்கப்பட்டது. ஒரு மாதிரி எடை தாளாமல் கைவிடப்பட்டது. அடுத்தது ஆற்றல் போதாமல் கைவிடப்பட்டது. இறுதியில், நெருப்பு, கொதிகலன், இயங்கும் பகுதிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ மூன்று கிலோ எடையில் ஒரு குதிரைத்திறன் ஆற்றல் தரும் நீராவி எஞ்சின் உருவாயிற்று. ஒரு வீட்டிற்கு வாரச் சந்தையில் வாங்கும் காய்கறிப் பையின் எடைதான் அது!

தம் ஊர்திகளுக்கு லாங்லி ஏரோட்ரோம் எனப் பெயரிட்டார். காற்றில் ஓடுவது என்பது அவர் கருதிய பொருள். பிற்காலத்தில் அச்சொல் விமானம் இறங்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. சொற்களும் தடம் மாறிப் பறப்பதுண்டு போலும்.

சோதனைக்காக, வாஷிங்டனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், குவான்டிகோவை அடுத்துப் போடோமாக் ஆற்றில் ஒரு படகு வீட்டை நிறுத்தினார். நீரில் விழுந்தால் ஊர்தி நொறுங்காது. காற்று வீசும் திசைக்கேற்பப் படகைத் திருப்பவும் முடியும். 1893-இல் தொடங்கிப் பலமுறை சென்று பலமுறை ஏமாற்றத்தோடு திரும்பினர். கொதிகலனில் சில நிமிடங்களுக்கே போதுமான நீர் இருந்தது. ஆவி எழுந்தபின் காற்று அடங்கும்வரை காத்திருந்தால், பறப்பதற்கு வேண்டிய நீர் படகிலேயே தீர்ந்துவிடும்.

1896-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள். லாங்லிக்கு வயது 61. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் புகைப்படக் கருவியுடன் வந்திருந்தார். முதலில் ஏவப்பட்ட ஆறாம் எண் ஊர்தி இறக்கை முறிந்து விழுந்தது. பிற்பகல் மூன்று மணியளவில் ஐந்தாம் எண் ஊர்தி ஏவப்பட்டது. அது விழவில்லை. நான்கு மீட்டருக்கும் மேல் விரிந்த இறக்கைகளுடன் வளைந்து வளைந்து மேலேறியது. ஒன்றரை நிமிட அளவில் ஆவி தீர்ந்தது, சுழலிகள் நின்றன. அப்போதும் தலைகுப்புறக் கவிழாமல், மெல்ல மிதந்து இறங்கி நீரில் அமர்ந்தது. ஏறத்தாழ 1,000 மீட்டர் பறந்திருந்தது! துடைத்து உலர்த்தி மீண்டும் ஏவினர், மீண்டும் பறந்தது. ஆளில்லாத அந்த ஊர்தி, கணிசமான எடையுள்ள எஞ்சினுடன் கூடிய பொருள் தன்னாற்றலால் நீண்ட தொலைவு பறக்கும் என்பதை ஐயமின்றிக் காட்டியது. பெல் எடுத்த படங்கள் அதற்குச் சான்றாயின. அவ்வாண்டு நவம்பரில், சீர்செய்யப்பட்ட ஆறாம் எண் ஊர்தி அதனினும் கூடுதல் தொலைவு பறந்தது.

தம் பணி முடிந்தது என்றே லாங்லி எண்ணினார். ஆனால் 1898-இல் அமெரிக்கப் போர்த்துறை, மனிதரைச் சுமக்கும் ஊர்தியைச் செய்ய 50,000 டாலர் அளித்தது. மாதிரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிய ஊர்தி உருவாயிற்று. இம்முறை 52 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின். ஒரு பொருளின் நீள அகல உயரங்களை நான்கு மடங்காக்கினால், அதன் பரப்பு 16 மடங்கும் கனஅளவு 64 மடங்கும் ஆகும். கனசதுரம் ஒன்றை வரைந்து கணக்கிட்டுப் பாருங்கள். சிறியதில் போதுமானதாக இருந்த வலிமை பெரியதில் போதாமற்போவது இதனால்தான். கொதிகலனைச் சிறிதாக்குவதன் நுட்பத்தைக் கற்றறிந்தவர், ஊர்தியைப் பெரிதாக்குவதன் இடரை உணரத் தவறினார் என்றே தோன்றுகிறது. 1903 அக்டோபர் 7 அன்றும் டிசம்பர் 8 அன்றும் அவ்வூர்தி ஏவப்பட்டவுடன் ஆற்றில் வீழ்ந்தது. அதிலிருந்த சார்லஸ் மேன்லி இருமுறையும் உயிர்தப்பினார்.

செய்தித்தாள்கள் முதியவரை எள்ளி நகையாடின. இரண்டாம் தோல்விக்கு ஒன்பது நாள்கள் கழித்து, ரைட் உடன்பிறப்புகள் தம் ஊர்தியில் பறந்தனர். பறத்தல் பற்றிய நூல்களை வேண்டி அவர்கள் 1899-இல் மடல் எழுதியது ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குத்தான். அங்கிருந்து அனுப்பப்பட்டவற்றுள் லாங்லியின் எழுத்துகளும் இருந்தன.

1906-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் லாங்லி காலமானார். ஆற்றில் மெல்ல இறங்கிய ஐந்தாம் எண் ஊர்தி, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அதன் இணையான ஆறாம் எண் ஊர்தி, அவர் பேராசிரியராக இருந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கட்டடம் ஒன்றில், மாணவர்கள் நடந்து செல்லும் வழியின் மேலே தொங்குகிறது.