ஹாஜி முஹம்மது முஹ்ஸின்: ஒன்பது பங்கு வைத்த வள்ளல்

வங்காளத்தில் கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கையின் கிளையான ஹூக்ளி நதிக்கரையில் ஹூக்ளி என்று ஒரு பழைய துறைமுகப் பட்டினம் உண்டு. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பாரசீக வணிகர் எனப் பல தேசத்தாரும் கடை விரித்த ஊர் அது. அவ்வூரில் 1732-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹாஜி முஹம்மது முஹ்ஸின். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடைசிவரை மனைவி மக்கள் இல்லாமல் வாழ்ந்து, தம் ஆஸ்தி முழுவதையும் அல்லாஹ்வின் பாதையில் எழுதி வைத்தவர். அவர் வைத்த பணம் பிற்காலத்தில் பல்லாயிரம் ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிப் படி ஏற்றியது. ஆனால் அது அந்தப் படியை எட்டுவதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாலு காசு சேர்த்து வக்பு எழுத நினைக்கும் நம் வணிகப் பெருமக்கள் அறிய வேண்டிய வரலாறு இது.

அவருடைய தாயார் முதலில் ஆகா மோதஹர் என்னும் செல்வந்தருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். டில்லி பாதுஷா அவுரங்கசீப் காலத்தில் மானிய நிலம் பெற்றவர் மோதஹர். ஜெஸ்ஸூர் ஜில்லாவில் அவருக்குப் பெரிய ஜமீன் இருந்தது. ஒரே மகள் மன்னுஜான். மோதஹர் மரணமடையுமுன் மகளின் கழுத்தில் ஒரு தங்கத் தாயத்தைக் கட்டி, தம் மௌத்துக்குப் பிறகே திறக்க வேண்டும் என்று சொன்னதாகவும், திறந்து பார்த்தபோது சொத்து முழுவதும் மகளுக்கே என்னும் உயில் உள்ளே இருந்ததாகவும் அவ்வூரார் சொல்வார்கள். கதையோ நிஜமோ, சொத்து மன்னுஜானிடம் வந்தது உண்மை. விதவையான தாயார் பிறகு ஹாஜி பைசுல்லாஹ் என்பவரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவரே முஹ்ஸின். ஆக, அக்காளும் தம்பியும் ஒரு தாய் மக்கள், தந்தையர் வேறு. ஆயினும் ஒரே உயிராக வளர்ந்தார்கள்.

முஹ்ஸினுக்குப் பாரசீகத்திலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் பாடம் சொன்னார். அவர் ஊர் ஊராகச் சுற்றியவர். அவர் சொன்ன சபர் செய்திகள் இளைஞர் மனத்தில் ஆழப் பதிந்தன. அக்காளுக்குத் திருமணம் முடிந்து குடும்பம் நிலைப்பட்டதும் முஹ்ஸின் புறப்பட்டுவிட்டார். ஈரான், இராக், அரேபியா என நெடுங்காலம் அலைந்து, ஹஜ்ஜும் நிறைவேற்றி, முதுமை தொடங்கும் வேளையில்தான் வங்கம் திரும்பினார். அழகிய கையெழுத்துடையவர், குர்ஆன் ஷரீபைத் தம் கையாலேயே படியெடுத்துக் கொடுத்தவர் என்பர்.

அக்காளோ இளமையிலேயே கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், அந்தப் பெரிய ஜமீனைத் தாமே திறமையாக நடத்தி வந்தார். 1803-இல் அவர் காலமானபோது சொத்து முழுவதும் தம்பிக்கு வந்தது. அப்போது தம்பிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எழுபது வயதில் கோடீஸ்வரரானவர் அந்தப் பணத்தை என்ன செய்வார்? மூன்றே ஆண்டுகளில், 1806-இல், அனைத்தையும் வக்பாக எழுதினார்.

வருமானத்தை ஒன்பது பங்காக்கினார். மூன்று பங்கு மார்க்கச் சடங்குகளுக்கும் இமாம்பாராவின் பராமரிப்புக்கும். நான்கு பங்கு ஊழியர் சம்பளத்துக்கும் ஏழை எளியோரின் உதவித்தொகைக்கும். இரண்டு பங்கு இரண்டு முத்தவல்லிகளுக்கு. பத்திரத்தில் கல்லூரி என்ற பேச்சே இல்லை. 1812-இல் ஹாஜியார் வபாத்தானார்.

கண்கள் மூடியதும் தொல்லை தொடங்கிற்று. முத்தவல்லிகள் கணக்கில் புரட்டுச் செய்ததாகப் புகார் எழுந்தது. பங்காளிக் கடையில் முதலாளி கண்ணை மூடிய பிறகு பேரேட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி சர்க்கார் தலையிட்டு அவர்களை நீக்கியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1835-இல்தான் சர்க்காருக்குச் சாதகமாக முடிந்தது. இதற்குள் செலவிடப்படாத பணம் குவிந்து கிடந்தது. (பினாங்கிலும் வக்பு நிலங்களின் நிருவாகம் சீர்கெட்டு, அதற்கெனச் சட்டம் இயற்றி 1905-க்குப் பின் வாரியம் அமைக்க வேண்டி வந்ததை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள்.)

குவிந்த பணத்தைக் கொண்டு 1836 ஆகஸ்டு முதல் தேதி ஹூக்ளியில் ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. பிள்ளைகள் அலைமோதி வந்து சேர்ந்தார்கள். வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் அங்கே படித்தவரே. 1858-இல் கல்கத்தா சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். அது நல்லதே. கல்விக்குச் சாதி சமயம் பார்க்கக் கூடாது. ஆனால் ஹாஜியார் சமூகத்துப் பிள்ளைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருந்தார்கள். 1837-இல் பாரசீக மொழி கச்சேரிகளிலிருந்து நீங்கிற்று. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போது நம்மவர் ஒதுங்கி நின்றார்கள். சந்தேகம் ஒரு பக்கம், வறுமை ஒரு பக்கம். வாசல் திறந்திருந்தும் உள்ளே போகக் கைமுதல் இல்லை. கட்டடத்துக்குப் பணம் போயிற்று. ஏழைப் பையன் கைக்கு வரவில்லை.

இக்குறையைச் சர்க்காரின் காதில் ஓயாமல் ஓதியவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவின் நவாப் அப்துல் லத்தீப். 1871-இல் வெள்ளைக்கார அதிகாரியான ஹன்டரும் வங்க முஸ்லிம்களின் நிலை குறித்துப் புத்தகம் எழுதி, முஹ்ஸின் நிதி திசைமாறியதைச் சுட்டிக் காட்டினார். 1873-இல் வழி பிறந்தது. கல்லூரிச் செலவை அரசாங்கமே ஏற்றது. நிதி முஸ்லிம் மாணவர்களுக்கென்று விடுபட்டது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய இடங்களில் மதரஸாக்கள் எழுந்தன. அரசாங்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிதி கட்டியது.

மீதி ஒரு பங்கைத் தகப்பன் கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு வியாபார நுட்பம் இருப்பதாக எனக்குப் படுகிறது. முழுவதும் இலவசமானால் வீட்டாருக்கு அக்கறை குறையும். முழுவதும் சுமையானால் பையனைக் கடைக்கே அனுப்பிவிடுவார்கள். எழுத்தறியாத வீட்டிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பையனுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய இடைஞ்சல், அவன் சம்பாதிக்காமல் கழிக்கும் வருஷங்கள். அந்தச் சுமையையும் யாராவது கொஞ்சம் தாங்கியாக வேண்டும்.

அந்தக் கல்லூரியின் மாணவர்களில் ஒருவர் சையது அமீர் அலி. 1868-இல் எம்.ஏ. தேறி, சீமைக்குப் போய் பாரிஸ்டரானார். கல்கத்தா ஹைகோர்ட்டு நீதிபதியானார். 1909-இல் பிரிவி கவுன்சில் நீதிக் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். ஹாஜியாரின் சொத்து வழக்கைத் தீர்த்த அதே சபை அது! 1876 முதல் 1904 வரை, ஹூக்ளி இமாம்பாராவின் நிருவாகக் குழுத் தலைவராக இருந்து கணக்கைக் கவனித்தவரும் அவரே.